இருபத்துநாலு கைகளும் ஒரு குரலும்

ஆண்டு முடிவுக் கண்காட்சிக்கு இடம் பிரிக்க ஓவியத் துறையில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். முப்பத்தொரு மாணவர்கள், முப்பத்தொரு தடுப்புகள். பல்லக்காவுக்குப் பதினேழு விழுந்தது. நல்ல இடம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும், கழிப்பறை தூரம், மின்பெட்டியும் குழாயும் சுவரை அடைத்துக்கொண்டு நிற்காது. இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன கேட்பாள்? சீட்டை நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பதினெட்டு யாருக்கு விழுந்தது என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

பல்லக்கா என்பது வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர். பதினான்கு வருஷம் ஒரு பல் மருத்துவமனையில் டாக்டருக்குப் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி நின்றவள். முப்பத்தொன்பதாவது வயதில் ஒருநாள் குழாயைக் கீழே வைத்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஓவியப் பட்டப்படிப்பு விண்ணப்பத்தை வாங்கி வந்தாள். கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்துக்கொண்டிருக்கும் கணவர், "நாலு வருஷமா?" என்று மட்டும் கேட்டார். நாலு வருஷம்தான் என்றாள். "அதுக்கப்புறம்?" என்றார். அவள் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்துவிட்டாள். இப்போது நாலு வருஷம் முடிந்துவிட்டது, கேள்வி அப்படியே நிற்கிறது.

மருத்துவமனையில் பற்களை டாக்டர் பார்த்துக்கொண்டார். அவள் பார்த்தது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த கைகளை. ஊசியைக் கண்டதும் இறுகும் கை, டிரில் சத்தம் கேட்டதும் வெளுக்கும் விரல்முட்டி, "எனக்கெல்லாம் பயமே கிடையாது" என்று சொல்லிவிட்டு ரெக்சினில் நகத்தைப் பதிக்கும் போலீஸ்காரர் கை. அந்தக் கைகளைத்தான் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் ஊற வைத்து, மை தடவி, ஈரத் தாளில் அழுத்தி எடுத்திருந்தாள். இருபத்துநாலு படங்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான். கிட்டே வந்து, மூச்சை அடக்கி, ஒரு நிமிஷமாவது நின்று பார்த்தால்தான் நகத்துக்கடியில் இருக்கும் நடுக்கம் தெரியும். எட்டி நின்று பார்த்தால் இருபத்துநாலு கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கும்.

மாட்டுவதற்கு ஒருநாள் முழுக்க ஆனது. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கேர்டேக்கர், ஒரு படத்துக்கு ஒரு ஆணிதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ரெண்டு ஆணி அடித்தால் படம் ஆடாமல் நிற்கும் என்று இவள் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டு ஆணி அடிச்சா சுவர் நிக்காதும்மா. அது சுவரில்ல, பிளைவுட்டு" என்றார் அவர். சரியென்று நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஆறு ஆறாக நாலு வரிசை மாட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். கோடு போட்ட மாதிரி இருந்தது. கண்ணில் லேசாகத் தண்ணீர்கூட வந்துவிட்டது.

அப்போதுதான் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரும் அதைத் தொடர்ந்து ஒரு தலையும் எட்டிப் பார்த்தன.

"அக்கா, நீங்கதான் பக்கத்துல? சூப்பர்க்கா!"

வகுப்பில் எல்லோரும் அவனைச் சவுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வருஷமாக அவன் ஒரு படம் வரைந்து யாரும் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் பதிவு செய்வான். குழாய் சொட்டும் சத்தம், லிஃப்ட் முனகும் சத்தம், பேராசிரியர் மூக்கு உறிஞ்சும் சத்தம். நல்ல பையன், அதில் சந்தேகமே இல்லை. தாள் தூக்க வேண்டுமா, அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்ற வேண்டுமா, கேட்காமலே வந்து நிற்பான். இப்போது அவன் காலடியில் நாலு ஸ்பீக்கர் இருந்தது. பெரிய ஸ்பீக்கர்.

"என்னடா தம்பி பண்ணப் போற?"

"எங்கம்மா என்னைக் காலைல எழுப்புறது. மூணு நிமிஷம். திரும்பத் திரும்ப ஓடும்."

"மெதுவா ஓடுமா?"

அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "அக்கா, எங்கம்மா மெதுவா எழுப்பினா நான் எதுக்கு ரெக்கார்ட் பண்றேன்?"

திறப்பு விழா வியாழக்கிழமை காலை. துறைத் தலைவர் பேசி முடித்ததும் ஸ்பீக்கர்களை ஓடவிட்டார்கள். 'டேய்' என்ற முதல் சொல்லுக்கே துணைவேந்தர் கையிலிருந்த பழரசம் சட்டையில் கொட்டியது. பிறகு வந்தது மீதியெல்லாம். மணி என்ன தெரியுமா, ஊரே எழுந்து வேலைக்குப் போயாச்சு, சூரியன் வந்து உன் கட்டில்ல உக்காந்திருக்கு, இப்ப எந்திரிக்கலன்னா தலையில தண்ணிய ஊத்துவேன். குரல் ஏறிக்கொண்டே போய், "இந்த வீட்டுல நான் ஒருத்திதான் மனுஷி, மிச்சமெல்லாம் மேசை நாற்காலி!" என்று உச்சத்தைத் தொட்டு, கடைசியில் ஒரு கதவு. டமால்.

அந்த டமாலில்தான் விஷயமே. தன் பதினெட்டாம் தடுப்பை வெறும் கறுப்புச் சுவராக விட்டுவிட்டு, ஸ்பீக்கர்களை அவன் முடுக்கியிருந்தது அதற்கு எதிரே இவள் படம் மாட்டிய அதே பிளைவுட்டின் முதுகில். ஒவ்வொரு டமாலுக்கும் மேல்வரிசைக் கைகள் ஆறும் ஒன்றுபோல வலது பக்கம் சாய்ந்தன. பல்லக்கா ஓடிப்போய் நேராக்கினாள். மூன்று நிமிஷம் கழித்து மறுபடி டமால். மறுபடி ஓட்டம். திறப்பு விழாவுக்கென்று எடுத்த பட்டுப்புடவையில் மணிக்கு இருபது தடவை கையைத் தூக்கித் தூக்கி, மதியத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆனது. பார்வையாளர்களில் ஒரு பெண், இது நிகழ்த்துகலை என்று நினைத்து அவளை வீடியோ எடுத்துக்கொண்டு போனாள்.

போதாக்குறைக்கு ஒரு பெஞ்சு. கூடத்தில் இருந்ததே ஒரே ஒரு பெஞ்சு. அதைச் சவுண்டு தன் கறுப்புச் சுவருக்கு எதிரே, எல்லோரும் வசதியாக உட்கார்ந்து திட்டு வாங்கட்டும் என்று போட்டிருந்தான். உட்கார்ந்தவர்கள் முதுகெல்லாம் இவள் படங்களைப் பார்த்தபடி இருந்தன. முதுகுகள் குலுங்கிச் சிரித்தன. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எழுந்து போகும்போது திரும்பி ஒரு பார்வை, 'ஓ, இங்கேயும் ஏதோ இருக்கா' என்று.

மாலையில் கணவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தார். படம் படமாகக் குனிந்து பார்த்தார். தொழில் பழக்கத்தில் ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தார். பல்லக்கா பக்கத்தில் நின்று அவர் முகத்தையே கவனித்தாள். ஏழாவது படத்துக்கு வந்தபோது அந்தப் பக்கம் "சூரியன் வந்து உன் கட்டில்ல உக்காந்திருக்கு" என்றது. அவர் நிமிர்ந்தார். போனார். பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று சுற்று கேட்டார்.

பேருந்தில் வீடு திரும்பும்போது சொன்னார்: "அந்தப் பையனோடது பிரமாதம், இல்ல?"

"ஆமா."

"உன்னோடதும் நல்லா இருந்துச்சு. சின்னச் சின்னதா."

அன்றைக்கு வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தாநாள் மாவுதான்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பொறுப்பாசிரியரைப் போய்ப் பார்த்தாள். கண்காட்சிக்குப் பொறுப்பு என்று துறையில் யாரோ ஒரு இளைய ஆசிரியர் தலையில் கட்டுவார்கள். இந்த வருஷம் மாட்டிக்கொண்டவர் மூன்று நாளாகத் தூங்காத முகத்தோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு முன்னால் ஏற்கெனவே நாலு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருத்தியின் மெழுகுச் சிற்பம் விளக்குச் சூட்டில் முழங்காலிட்டுவிட்டதாம். இன்னொருவன் படத்துக்கு முன்னால் வேறொருவன் தூண் நட்டுவிட்டானாம்.

"சார், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. இல்லன்னா வேற தடுப்புக்கு மாத்துங்க."

"குலுக்கல்மா. நான் கைய வெச்சா முப்பது பேரும் வந்து நிப்பாங்க." அவர் நெற்றியைத் தேய்த்தார். "அதோட, ரெண்டு படைப்பு பக்கத்துல பக்கத்துல இருந்து பேசிக்கிறது நல்லதுதானே?"

"பேசல சார். ஒண்ணு கத்துது. இன்னொண்ணு தலையச் சாய்ச்சுக் கேட்டுட்டு இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்குப் பிராயச்சித்தமாகச் சவுண்டைக் கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னார். சொல்லவும் செய்தார். சவுண்டு வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டு, அவள் கண்முன்னாலேயே குமிழைத் திருகிக் குறைத்தான். அரைமணி நேரம் கைகள் நேராக நின்றன. பிறகு பெஞ்சில் உட்கார்ந்த ஒரு பெரியவர், காது கேட்கவில்லை என்று தானே எழுந்துபோய்த் திருகிவிட்டார்.

அன்று மதியம்தான் வெளித்தேர்வாளர் வந்தார். வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் போட வருகிறவர். அவர் பார்க்கும்போது மாணவர் யாரும் கூடத்துக்குள் நிற்கக்கூடாது என்பது விதி. எல்லோரும் வெளியே கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பல்லக்காவின் மூக்கும் அதில் ஒன்று.

மனிதர் விறுவிறுவென்று நடப்பவர். ஒரு தடுப்புக்கு ஒரு நிமிஷம், கூடிப்போனால் ஒன்றரை. பதினேழுக்கு வந்தார். நின்றார். குனிந்தார். பல்லக்காவின் மூக்கு கண்ணாடியில் இன்னும் அழுந்தியது. அவர் நகரவில்லை. கை ஒன்றைப் பார்த்தார், கண்ணை மூடினார், திறந்து அடுத்ததைப் பார்த்தார். பெஞ்சைத் திருப்பிப் போட்டு அவள் படங்களைப் பார்த்து உட்கார்ந்தார்! தலையை ஆட்டினார். ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து பதினெட்டின் கறுப்புச் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பத்தொன்பதுக்குப் போய்விட்டார்.

"ஒன்பது நிமிஷம்க்கா" என்றான் சவுண்டு, கையில் கடிகாரத்தோடு. "உங்ககிட்ட ஒன்பது நிமிஷம். என்கிட்ட நிக்கவே இல்ல." அவன் முகம் சின்னதாகப் போய்விட்டது.

"அவருக்கு அவங்க அம்மா ஞாபகம் வந்திருக்கும்டா. பயந்து ஓடிட்டாரு" என்று தேற்றினாள். தேற்றுவது சுலபமாக இருந்தது. மனசு நிறைந்திருக்கும்போது யாரையும் தேற்றலாம். வீட்டுக்குப் போகும் வழியில் மீன் வாங்கினாள்.

சனிக்கிழமை காலை கருத்துத் தாள்கள் வந்தன. உறையைப் பிரித்தாள். நூற்றுக்கு எண்பத்தொன்று. நாலு வருஷத்தில் அவள் எழுபதைத் தாண்டியதே ரெண்டு தடவைதான். கீழே கருத்து: 'இறுகிய கைகளையும் ஒரு தாயின் குரலையும் எதிரெதிரே வைத்த துணிச்சல் பாராட்டுக்குரியது. ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் படங்கள் சாய்வது மிக நுட்பமான ஏற்பாடு.'

ரெண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது சவுண்டு தன் தாளோடு வந்து நின்றான். அதில் மதிப்பெண் கட்டத்தில் ஒரு கோடு. பக்கத்தில், 'தடுப்பு எண் பதினெட்டில் படைப்பு எதுவும் வைக்கப்படவில்லை.'

விஷயம் இவ்வளவுதான். சவுண்டின் பெயரட்டை, அவனுடைய அம்மாவின் டமால் தாங்காமல், வெள்ளிக்கிழமை காலையிலேயே கழன்று பெஞ்சுக்கடியில் விழுந்து கிடந்தது. வந்தவர் கண்ணுக்குக் கறுப்புச் சுவர் காலியாகத் தெரிந்தது. குரலோ பதினேழின் முதுகிலிருந்து வந்தது.

பல்லக்கா தாளை மடித்தாள். மடித்ததைப் பையில் வைத்தாள். எண்பத்தொன்று என்ற எண்ணை ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நல்ல எண். வீட்டில் சொல்லும்போது எப்படி இருக்கும் என்றுகூட நினைத்துவிட்டாள், பொய் சொல்வானேன். பிறகு பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். அவன் பெயரட்டையைக் குனிந்து எடுத்து, அதன் மேலிருந்த செருப்புத் தடத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வா" என்றாள்.

பொறுப்பாசிரியர் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் படித்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுன்னு ஒரு கடுதாசி குடுத்துருங்களேன். ரெண்டு பேருக்கும் எண்பத்தொண்ணு. எனக்கும் ஒரு தலைவலி குறையும்" என்றார்.

சவுண்டு ஆவலாக அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது.

"அதெப்படி சார்? அந்தக் கை ஒவ்வொண்ணும் எந்த நாற்காலியில, யார் கைன்னு எனக்குத் தெரியும். ஒருத்தர் கையையும் அவன் அம்மா இறுக்கல." சொல்லச் சொல்ல அவளுக்கே கோபம் ஏறியது. "அவன் ஒரு வருஷமா விடியக்காலைல போர்வைக்குள்ள மைக்க வெச்சுட்டுப் படுத்திருக்கான். அது அவனோடது. சாயற மாதிரி நான் ஒண்ணும் ஏற்பாடு பண்ணல. நான் நேராக்கிட்டே இருக்கேன்."

ஆசிரியர் போனை எடுத்தார். மறுமுனையில் வெளித்தேர்வாளர், தனக்கு ஊருக்குக் கிளம்ப மாலை ரயில் என்றும், நாலு மணிக்கு ஒரு பத்து நிமிஷம் வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னதுபோல் தெரியவில்லை.

இரண்டு மணிவாக்கில் பல்லக்கா மேல்வரிசையை நேராக்கிக்கொண்டிருந்தபோது, சவுண்டு பாய்ந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

"அக்கா, எங்கம்மா."

"எங்க?"

"வாசல்ல. நான் சொல்லவே இல்லக்கா. அழைப்பிதழ துணி துவைக்கும்போது பாக்கெட்லேருந்து எடுத்திருப்பாங்க. படம் வரைஞ்சிருக்கேன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்." அடுத்த நொடி அவன் தடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த சந்தில் காணாமல் போனான்.

வந்தவள் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி மெல்ல நடந்து வந்தாள். பொது நூலகத்தில் வேலை. நாள் முழுக்க விரலை உதட்டில் வைத்து மற்றவர்களை அடக்குகிற உத்தியோகம். சனிக்கிழமை அரைநாள். ஒவ்வொரு தடுப்பாக எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்து, பதினெட்டின் முன்னால் நின்று, கறுப்புச் சுவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பல்லக்காவிடம் திரும்பி, கிசுகிசுப்பதுபோல், "இங்க படம் எங்கங்க?" என்றாள்.

பல்லக்கா வாயைத் திறப்பதற்குள் 'டேய்' வந்துவிட்டது.

அம்மாள் திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கினாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். கேட்டாள். முகம் சுளித்தாள்.

"யாருங்க இந்தப் பொம்பள? இப்படிக் கத்துறா?"

அந்த அம்மாளுக்குத் தன் குரலே அடையாளம் தெரியவில்லை என்பது அப்போதுதான் பல்லக்காவுக்கு உறைத்தது. "அது... ஒரு அம்மா" என்றாள்.

"அம்மாவா? பாவம் அந்தப் புள்ள. விடிஞ்சும் விடியாம காதுல இப்படி விழுந்தா அது என்னத்துக்கு ஆகும்? எங்க லைப்ரரில யாராச்சும் இப்படிப் பேசினா அடுத்த நிமிஷம் வெளிய அனுப்பிருவேன்." சொல்லிவிட்டு, ஜன்னல் சந்தில் ஒரு செருப்புக் கால் தெரிவதைக் கவனிக்காமல், தொடர்ந்து கேட்டாள். சூரியன் கட்டிலில் உட்கார்ந்தது. தலையில் தண்ணீர் ஊற்றப்படும் என்று மிரட்டல் வந்தது. அவள் 'ச்சூ' கொட்டினாள்.

"இந்த வீட்டுல நான் ஒருத்திதான் மனுஷி, மிச்சமெல்லாம் மேசை நாற்காலி!"

'ச்சூ' பாதியில் நின்றது.

பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். டமால். பல்லக்கா படங்களை நேராக்கப் போகவில்லை. அந்த அம்மாளின் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவப்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாள் எழுந்து போகவில்லை. எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். பெஞ்சிலேயே மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பினால் எதிரே இருபத்துநாலு கைகள். யார் முகத்தையும் பார்க்காமலிருக்க வேறு வழியில்லாமல் அவற்றைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக, புத்தக அடுக்கைச் சரிபார்ப்பதுபோல், இடமிருந்து வலமாக. சுற்று மறுபடி தொடங்கி முடிந்தது. இன்னொன்று தொடங்கியது.

"இது பல்லு புடுங்குற நாற்காலிதானே?" என்றாள் திடீரென்று.

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" மூன்று நாளில் ஒருத்தர்கூட அதைச் சொன்னதில்லை.

"கட்டைவிரல் உள்ள மடங்கியிருக்கே. பிரசவத்துல கட்டைவிரல் வெளிய நிக்கும். பயம்னா உள்ள போயிரும்." மூன்றாவது வரிசையில் ஒன்றைக் காட்டினாள். "இவரு வலிக்கலன்னு சொல்லிட்டு இருக்காரு."

அது போலீஸ்காரர் கை. பல்லக்காவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பதிலாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, கோவப்படாதீங்க. உங்க பையன் நல்ல பையன்" என்றாள். மகனுக்கு அக்காவாகவும் தாய்க்குத் தங்கையாகவும் ஒரே நேரத்தில் ஆனதை அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

"அவன் எங்கேன்னு எனக்குத் தெரியும். அந்தச் செருப்ப நான்தான் வாங்கிக் குடுத்தேன்." குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "வெளிய வாடா."

சவுண்டு வந்தான். தலையைத் தொங்கப் போட்டு நின்றான். அம்மா குரல் வந்த பக்கம் கையைக் காட்டினாள்.

"இவ்வளவுதானா?"

"என்னம்மா?"

"நான் எழுப்புனது இவ்வளவுதானான்னு கேக்கறேன். கதவ அடிச்சேன், போனேன். அப்புறம்?"

"அப்புறம்... முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சா? அஞ்சு நிமிஷத்துல காப்பியோட திரும்பி வருவேனே, அது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா? டம்ளர உன் தலமாட்டுல வெச்சுட்டு, நீ எந்திரிச்சு உக்கார்ற வரைக்கும் கட்டில் ஓரத்துல உக்காந்திருப்பேனே, அது எங்க? கத்துனத மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த வெட்டி எறிஞ்சிட்டியா?"

"அதுல சத்தமே இல்லம்மா."

"டம்ளர் வெச்ச சத்தம் இருக்குமில்ல?"

அவன் யோசித்தான். "இருக்கும்" என்றான்.

"நான் உக்காந்தா கட்டில் கிறீச்சுங்கும். உங்கப்பா காலத்துலேருந்து கிறீச்சுங்குது. அதுவும் இருக்குமில்ல?"

"இருக்கும்மா. எல்லாம் லேப்டாப்புல இருக்கு."

"அப்ப போடு. ஊர் பூரா என்னைக் கேக்குது. முழுசாக் கேக்கட்டும்."

பெஞ்சின் ஓரத்தில் லேப்டாப்பை மடியில் வைத்து, ஒரு காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவன் வெட்டி ஒட்டினான். பக்கத்தில் உட்கார்ந்து அவள், "இங்கேருந்து... இல்ல, இன்னும் முன்னாடி, செருப்புச் சத்தத்துலேருந்து எடு" என்று திருத்தம் சொன்னாள். பல்லக்கா மூன்று பேருக்கும் தேநீர் வாங்கி வந்தாள். மூன்றரை மணிக்கு முடிந்தது. அடுத்த சுற்றில் டமாலுக்குப் பின்னால் ஒரு செருப்பு நடந்து வந்தது. டம்ளர் மேசையில் உட்கார்ந்தது. கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம் பத்து விநாடி, யாரோ மூச்சு விடும் சத்தம் மட்டும்.

அந்த ஒரு நிமிஷத்தில் நடந்தது பல்லக்கா எதிர்பாராதது. பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்க ஒன்றுமில்லாமல் போனது. சும்மா எத்தனை நேரம் கறுப்புச் சுவரைப் பார்ப்பது? ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எழுந்து கிட்டே வந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் தன் கையையே படத்துக்குப் பக்கத்தில் வைத்து இறுக்கிப் பார்த்தாள். ஒருவர் தாடையைத் தடவிக்கொண்டு, "எனக்குக் கூசுது" என்றார். இதைவிடப் பெரிய பாராட்டு அவள் கேட்டதில்லை.

நாலு மணிக்குத் தேர்வாளர் வந்தார். இந்தத் தடவை பெயரட்டை மூன்று இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து முழுதாக ஒரு சுற்றுக் கேட்டார். மௌனம் வந்ததும் எழுந்து கைகளுக்கு வந்தார். குனிந்து, நேற்றுப் பார்த்ததைவிட மெதுவாகப் பார்த்தார். பிறகு பொறுப்பாசிரியரை ஓரமாக அழைத்துப் போய் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

சவுண்டுக்கு எழுபத்தொன்பது. பல்லக்காவுக்கு எழுபத்துநாலு. 'வரிகள் உயிருள்ளவை. மேல்வரிசையை மாட்டுவதில் இன்னும் கவனம் தேவை' என்று எழுதியிருந்தது.

"மேல்வரிசையா?" என்றாள் பல்லக்கா. பொறுப்பாசிரியர் அவசரமாக வேறு யாரையோ பார்க்கப் போய்விட்டார்.

அம்மாள் கிளம்பும்போது, பிள்ளையை அல்ல, இவளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "எங்க லைப்ரரியில ஒரு நீளச் சுவர் சும்மா கிடக்குது. எல்லாரும் வாயை மூடிட்டுத்தான் உக்காந்திருப்பாங்க. தலைமை அலுவலர்கிட்ட நான் கேக்கறேன். எத்தன ஆணி வேணும்?"

"ஒரு படத்துக்கு ரெண்டு" என்றாள் பல்லக்கா, தயங்காமல்.

ஐந்தரைக்குக் கூடத்தை ஒப்படைக்க வேண்டும். அவரவர் ஓட்டையை அவரவர் அடைக்க வேண்டும் என்பது கேர்டேக்கரின் சட்டம். அவள் படங்களைக் கழற்றிப் பழைய துணிகளில் சுற்றி வைத்துவிட்டு, ஓட்டைகளில் வெள்ளைப் பூச்சை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். சவுண்டு ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு வந்து, கேட்காமலே கீழ்வரிசையிலிருந்து தொடங்கினான்.

"அக்கா, ஏழு மார்க் போயிருச்சே. வருத்தமா இருக்கா?"

"இருக்கு" என்றாள். "ரெண்டு நாளைக்கு இருக்கும். திங்கக்கிழமை வரைக்கும் என்கிட்ட ஜாக்கிரதையாப் பேசு."

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த ஓட்டைக்குப் போனான். கேர்டேக்கர் வந்து உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரு ஓட்டையும் தட்டுப்படவில்லை. சரி என்று விளக்கை அணைக்கப் போனார்.